வாசல் ஏறாதவர்

போடியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு ஒருமுறை கடுமையான பல்வலி வந்தது. கன்னம் வீங்கி, கண் சிறுத்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தார். பல் டாக்டர் எங்கள் தெருமுனையிலேயே இருந்தார். நடந்தே போயிருக்கலாம். ஆனால் ஆட்டோ வரவழைத்து, என்னையும் கூட ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் போய் நிறுத்தச் சொன்னார். அவர் இறங்கவில்லை. டாக்டரை வெளியே கூட்டிக்கொண்டு வா என்று என்னை உள்ளே அனுப்பினார்.

டாக்டர் சின்னப் பெண். தேனியிலிருந்து தினமும் பஸ்சில் வந்து போகிறவள். பொறுமையாகத்தான் வெளியே வந்தாள்.

"சேரு, லைட்டு எல்லாம் உள்ளதான் சார் இருக்கு. ஆட்டோல வெச்சு எப்படிப் பல்லு புடுங்குறது?" என்றாள்.

"அப்ப வேண்டாம். எங்க வம்சத்துல ஒருத்தரும் அடுத்தவன் வாசல் ஏறுனது கெடையாது."

ஆட்டோ திரும்பிவிட்டது. அன்றைக்கு முழுக்க அவர் முனகிய முனகல் மாடியில் எங்களுக்குக் கேட்டது. மறுநாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டனுப்பி, ரகசியம்போலக் கேட்டார்: "ஏய்யா, அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்வாசல் இருக்கா?"

இருந்தது. சாக்கடைச் சந்து வழியாகப் போகவேண்டும். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, சாக்கடையைத் தாண்டிக் குதித்து, குப்பைத் தொட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே உடம்பைக் குறுக்கிக்கொண்டு உள்ளே போனார். பல்லைப் பிடுங்கிக்கொண்டு அதே வழியில் வந்தார். வாயில் பஞ்சோடு அவர் குழறிக் குழறிச் சொன்னது இதுதான்: "பாத்தியா. வாசல் ஏறலை."

இவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் சந்தோஷப்படுவார், அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஊரில் அவரை ஜமீன் என்பார்கள். எந்த ஜமீன் என்று யாருக்கும் தெரியாது. அவருடைய கொள்ளுத்தாத்தா மலையடிவாரத்தில் சில கிராமங்களுக்கு வரி வசூலித்தவர் என்று அவர் சொல்வார். வசூலித்ததில் பாதியைக்கூட மேலே கட்டவில்லை என்று அவருடைய பங்காளிகள் சொல்வார்கள். நிலம் எல்லாம் அவருடைய அப்பா காலத்திலேயே போய்விட்டது. மிஞ்சியது அந்த வீடும், தாழ்வாரத்தில் கிடந்த ஒரு பல்லக்கும்தான். பல்லக்கில் வெங்காயம் காயப்போட்டிருப்பார்கள். வீட்டை அவர் அரண்மனை என்பார். மழை பெய்தால் அரண்மனையில் நாங்கள் எல்லோரும் சட்டி பானைகளோடு அங்கும் இங்கும் ஓடுவோம்.

நான் அப்போது ஏலக்காய் ஏலம் நடக்கும் இடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிது. வாடகை சல்லிசு என்றுதான் அந்த மாடிக்குப் போனோம். சல்லிசுக்குக் காரணம் போன பிறகுதான் தெரிந்தது. ஜமீனுக்குப் பரிவாரம் வேண்டும். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வழியில்லை. ஆகவே குடியிருக்கிறவர்கள்தான் பரிவாரம். எங்கள் யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். நான் மாடி. பின்னால் குடியிருந்த தையல்காரர் பின்கட்டு. "மாடி, குடையைக் கொண்டா." "பின்கட்டு, வெரசா ஒரு ஆட்டோ புடி." அவர் கையில் எதையும் தூக்கிக்கொண்டு நடந்து நான் பார்த்ததில்லை, செய்தித்தாளைக்கூட.

வருகிறவர்களை உட்காரவைப்பதற்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. கைவைத்த நாற்காலி அவருக்குச் சமமானவர்களுக்கு. அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, பூனையைத் தவிர. கை இல்லாத நாற்காலி அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கு. ஸ்டூல் படித்தவர்களுக்கு. பெஞ்சு வியாபாரிகளுக்கு. மற்றவர்கள் நிற்கவேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான என் மாமனார் எங்களைப் பார்க்க வந்தபோது, மரியாதைக்காகக் கீழே போய் ஜமீனைப் பார்த்தார். ஸ்டூல் கிடைத்தது. ஒரு கால் ஆடும் ஸ்டூல். பேசி முடிக்கும்வரை அவர் சமாளித்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததை என் மனைவி இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

ரேஷன் அரிசி மட்டும் அவருக்கு இழுக்கில்லை. ஆனால் கைரேகை வைக்க அவரேதான் போகவேண்டும். கடை வாசலிலும் ஏறமாட்டாரே. தெருவில் நின்றபடி ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டுவார். உள்ளே இருக்கிற பெண் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வருவாள். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அது வணங்குகிற சிரிப்பு என்று அவர் நினைத்துக்கொள்வார்.

கல்யாணம், காதுகுத்து, புதுவீடு என்று யார் அழைத்தாலும் அவர் போவதில்லை. அவருடைய கம்பு போகும். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. அதை ஒரு பட்டுத்துண்டில் சுற்றி என் கையில் கொடுத்துவிடுவார். முன்வரிசையில் அதற்கு ஒரு நாற்காலி போடவேண்டும். முதல் தாம்பூலம் அதற்குத்தான். சிலமலை கிராமத்தில் ஒரு கல்யாணத்துக்கு நான் அதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பெண் வீட்டுக்காரர் நல்ல மனிதர். சிரிக்காமல் நாற்காலி போட்டார், தாம்பூலம் வைத்தார். பந்தியில் எனக்குப் பக்கத்தில் கம்புக்கும் ஒரு இலை விழுந்தது. பரிமாறிக்கொண்டு வந்த பையன் வாளியோடு நின்று யோசித்தான்.

"ஏண்ணே, அவுகளுக்குச் சாம்பாரா, வத்தக்கொழம்பா?"

"ரெண்டும் ஊத்து. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

திரும்பி வந்ததும் ஜமீன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மொத தாம்பூலம் நமக்குத்தானே?" ஆமாம் என்றேன். பொண்ணு மாப்பிள்ளை எப்படி, சாப்பாடு எப்படி, ஒரு வார்த்தை கிடையாது. கம்பைத் துடைத்து மூலையில் சாத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அவருக்கு ஒரு மகன் இல்லாமல் இருந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

சின்னவர் என்போம். ஒரே மகன். மதுரையில் போய் டிகிரி முடித்தவர். வேலைக்குப் போவது ஜமீன் வீட்டுக்கு அழகில்லை என்று அப்பா சொல்லிவிட்டதால், வீட்டு வாடகையை வாங்கி வைப்பதையே வேலையாகச் செய்துகொண்டிருந்தார். சாதுவான மனிதர். மழைக்காலத்தில் எங்கள் ஓடு ஒழுகினால் அப்பாவுக்குத் தெரியாமல் ஏறி மாற்றிக் கொடுப்பார். என் மனைவிக்கு அவர்மேல் ஒரு தம்பியின்மேல் இருக்கும் பிரியம். முப்பதைத் தாண்டி வெகுநாள் ஆகியும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் அவரில்லை.

பெண் பார்க்க ஜமீன் போகமாட்டார். வாசல் ஏறவேண்டுமே. பெண்ணைக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்பார். எந்தத் தகப்பன் பெண்ணைக் கொண்டுபோய்க் காட்டுவான்? அப்படியும் ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். உத்தமபாளையத்திலிருந்து வந்தவர்களை, பெண்ணின் சித்தி மெஸ் நடத்துகிறாள் என்று பெஞ்சில் உட்காரவைத்தே அனுப்பினார். கம்பத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், நாங்கள் வந்துவிட்டோம், நீங்களும் ஒரு தடவை வந்து எங்கள் வீட்டைப் பாருங்கள் என்று வழக்கம்போலச் சொன்னது. கம்பை அனுப்புகிறேன் என்றார். அவர்கள் காரை எடுத்த வேகத்தில் வாசல் பூந்தொட்டி உடைந்தது. அதற்கப்புறம் புரோக்கர்கள் அந்தத் தெருவுக்கே வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அப்போதுதான் மலையிலிருந்து ஒருவர் வந்தார். போடிமெட்டைத் தாண்டி ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்தவர். ஒரு காலத்தில் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டுக்கு ஜீப்பு ஓட்டியவர். உழைத்தார், தோட்டம் வாங்கினார், மேலும் வாங்கினார். ஏலத்துக்கு வரும்போதெல்லாம் என்னிடம் இரண்டு வார்த்தை பேசுவார். இல்லாதது ஒன்றுமில்லை அவருக்கு, ஒரு பெருமையைத் தவிர. பழைய முதலாளிமார்கள் இன்னும் அவரை "டிரைவரே" என்றுதான் கூப்பிட்டார்கள். அது அவருக்குள் முள்ளாகக் கிடந்தது.

"உங்க ஹவுஸ் ஓனரு ஜமீனாமே தம்பி. பையன் இருக்காராமே?" என்று என்னிடம் கேட்டார்.

"இருக்காருண்ணே. நல்ல மனுசன். அப்பாதான் கொஞ்சம்..."

"அப்பாவாலதான் எனக்குக் காரியமே" என்றார்.

மறுவாரமே பழத்தட்டோடு அரண்மனைக்கு வந்தார். பெஞ்சு கிடைத்தது. அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்த விதத்தை நான் பார்த்தேன். ஏதோ சிம்மாசனம் கிடைத்த மாதிரி பூரித்துப்போய் உட்கார்ந்தார். ஒருவர் மிதிக்க ஆசைப்படுகிறார், ஒருவர் மிதிபட ஆசைப்படுகிறார். இப்படிப்பட்ட சம்பந்தம் அமைவது அபூர்வம். பேச்சு ஒரே நாளில் முடிந்தது. நிச்சயதார்த்தமும் அரண்மனையிலேயே நடந்தது.

பெண் பெயர் சுகன்யா. தோட்டத்து ஸ்டோரை, அதாவது ஏலக்காய் உலர்த்தித் தரம் பிரிக்கும் இடத்தை, அவள்தான் பார்த்துக்கொண்டாள். அறிவான பெண். நிச்சயத்தன்று ஜமீனின் பேச்சைக் கேட்டு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். சின்னவரை அவளுக்குப் பிடித்திருந்தது. அவருக்கு அவளை இன்னும் பிடித்திருந்தது. தினமும் போனில் பேசினார்கள். மாடிப்படிக்கு அடியில் நின்றுகொண்டு அவர் மெல்லச் சிரிப்பது எங்களுக்குக் கேட்கும். அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்து அதற்குமுன் நாங்கள் கேட்டதில்லை.

கல்யாணம் எங்கே என்ற கேள்வி வந்தது. பெண் வீட்டில் வைப்பதுதான் தங்கள் வழக்கம் என்றார் தோட்டக்காரர். ஜமீன் ஒப்புக்கொண்டார். எல்லோருக்கும் ஆச்சரியம். பிறகு சொன்னார்: "தாராளமா வைங்க. எங்க கத்தி வரும்."

ஜமீன் வீடுகளில் ஒரு காலத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. தங்களைவிடத் தகுதி குறைந்த வீட்டில் பெண் எடுத்தால் மாப்பிள்ளை போகமாட்டார். அவருடைய கத்தியை அனுப்புவார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி கத்தியின் சார்பாகத் தாலி கட்டி, பெண்ணை அழைத்துக்கொண்டு வருவாள். அந்த வழக்கம் செத்து எத்தனையோ காலம் ஆகிறது. இவர் அதைத் தோண்டி எடுத்துவந்து நடுக்கூடத்தில் வைத்தார்.

தோட்டக்காரர் எதிர்ப்பார் என்று நினைத்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்க வீட்டுக்கு ஜமீன் கத்தி வருதா என்று கேட்டார். ஊரெல்லாம் பார்க்கும்படி டிரோன் கேமராவுக்கு அப்போதே சொல்லிவைத்தார்.

சுகன்யா மட்டும் என் மனைவிக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அக்கா, நான் அவருகிட்டச் சொல்லிட்டேன். நீங்க வாங்க, அது போதும். ஒத்தையா வந்தாலும் சரி, லுங்கியக் கட்டிட்டு வந்தாலும் சரி. நீங்க வந்தா நான் கழுத்த நீட்டுறேன். கத்திக்கெல்லாம் நீட்ட மாட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"வர்றேன்னுருக்காரு."

சின்னவரிடம் நானும் கேட்டேன். "வந்துருவேண்ணே. காலைல அப்பா பூசைக்கு உக்காந்ததும் கெளம்பிருவேன்" என்றார். அவர் அம்மாவிடமும் சொல்லியிருந்தார். அந்த அம்மா அதிகம் பேசாதவர். மகனுக்கு ஒரு பையில் வேட்டி சட்டை மடித்து வைத்து, பின்கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

கத்தியை எடுத்துப் பார்த்தால் அது உறையிலேயே துருப்பிடித்து ஒட்டியிருந்தது. தையல்காரர் எண்ணெய் ஊற்றி இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "வெளிய வராதாம்" என்று மேலே வந்து மனைவியிடம் சொன்னேன். "மாப்ளை வந்தாச் சரி" என்றாள். அவளுக்குத்தான் தாலி கட்டும் பொறுப்பு. பங்காளிகள் யாரும் வர மறுத்துவிட்டதால், மாடி வீட்டுக்காரியான அவள் ஒரே நாளில் ஜமீன் வீட்டு மகளாகிவிட்டாள்.

கல்யாணத்தன்று விடியும்போதே ஜீப்பு வந்தது. ஜமீன் கத்தியை என் மடியில் வைத்து, குலுங்காமல் கொண்டுபோகச் சொன்னார். கூடத்தில் சின்னவருக்குப் பட்டு உடுத்தி, தலைப்பாகை கட்டி, மணையில் உட்காரவைத்திருந்தார்கள். அங்கே தாலி ஏறும் நேரத்தில் இங்கே அவர் மணையில் இருக்கவேண்டுமாம். நான் சின்னவரைப் பார்த்தேன். நீங்கள் முன்னால் போங்கள் என்பதுபோலக் கண்ணைக் காட்டினார். நம்பிக்கையோடு ஜீப்பில் ஏறினோம்.

வளைவு வளைவாக ஏறி மெட்டுக்குப் போனதும், எல்லையில் கேரளப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். என் மடியில் மாலையோடு கிடந்ததைப் பார்த்தார்.

"இது எந்தா?"

"மாப்ளை சார்" என்றாள் என் மனைவி.

அவர் கத்தியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். படித்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பொய்க்கோ" என்று போகச் சொல்லிக் கையை அசைத்தார். கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

தோட்டத்து வீட்டு முற்றத்தில் பெரிய பந்தல். மலை முழுக்க ஆட்கள். கத்தி இறங்கியதும் மேளம் கொட்டியது. தோட்டக்காரர் அதன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மேலே டிரோன் சுற்றியது. கத்தியை மணையில் சாய்த்து வைத்து, பக்கத்து மணையில் சுகன்யாவை உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை.

"அவரு எப்ப வர்றாரு?" என்று எங்களைக் கேட்டாள்.

"கெளம்பியிருப்பாரும்மா" என்றேன்.

போன் செய்தாள். எடுத்தார். கிளம்பப் போகிறேன் என்றாராம். கொஞ்சநேரம் கழித்துத் திரும்பச் செய்தாள். இதோ கிளம்புகிறேன் என்றாராம். மூன்றாவது தடவை மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் பந்தலை விட்டு, பட்டுச் சேலையோடு ரோட்டோரம் போய் நின்றுகொண்டாள். கீழே வளைவில் வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்தாள். பால் வண்டி வந்தது. வேலையாட்களை ஏற்றிய ஜீப்பு வந்தது. கட்டப்பனை பஸ்சு வந்து, நின்று, யாரையும் இறக்காமல் போனது.

"ஆத்தா, நேரம் முடியப்போகுது. ஊரே பாத்துக்கிட்டு இருக்கு" என்று தகப்பன் கெஞ்சினார். "என் மானத்தக் காப்பாத்து."

"இருங்கப்பா. வர்றேன்னு சொன்னவரு."

முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று ஐயர் எழுந்தே நின்றுவிட்டார். சுகன்யா திரும்பி வந்தாள். அழவில்லை. நேராக ஸ்டோருக்குள் போனாள். காடு வெட்டும் அரிவாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். மலையில் வாக்கத்தி என்பார்கள். மரப்பிடி, வளைந்த மூக்கு, தினமும் தேய்ந்து பளபளக்கிற இரும்பு. தன் கழுத்து மாலையைக் கழற்றி அதன் பிடியில் போட்டு, தனக்குப் போட்ட மணையில் வைத்தாள்.

"அக்கா, கட்டுங்க" என்றாள் என் மனைவியிடம்.

"என்னம்மா இது?"

"அவுகளுக்குப் பதிலா அவுக வீட்டு இரும்பு வந்துருக்கு. எனக்குப் பதிலா எங்க வீட்டு இரும்பு உக்காரட்டும். மொறைன்னா ரெண்டு பக்கமும் மொறைதானே."

என் மனைவி என்னைப் பார்க்கவேயில்லை. போய் உட்கார்ந்து, வாக்கத்தியின் பிடியில் மூன்று முடிச்சும் போட்டாள். யாரோ கெட்டிமேளம் என்று கையைக் காட்ட, மேளக்காரர்கள் பழக்கத்தில் கொட்டிவிட்டார்கள். வேலைக்காரப் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். தோட்டக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. சுகன்யாதான் எல்லோரையும் பந்திக்குக் கூப்பிட்டாள். ஆக்கிவைத்த சோறு வீணாகக் கூடாது என்றாள். எங்களுக்கு அவளே பரிமாறினாள்.

கிளம்பும்போது சுகன்யா அந்த வாக்கத்தியை என் மனைவியின் மடியில் வைத்துவிட்டாள். "பொண்ணைக் கூட்டிட்டுப் போங்கக்கா" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

இறக்கத்தில் டிரைவர் ஜீப்பை மெல்ல ஓட்டினார். "புதுசாக் கல்யாணமானவுக. குலுக்கக் கூடாதுண்ணே" என்றார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. வழியெல்லாம் சின்னவர் எதிரே வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே வந்தோம்.

அவர் மணையில்தான் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகைகூடக் கலையவில்லை.

ஜமீன் வாசலில் ஆரத்தித் தட்டோடு தன் மனைவியை நிறுத்தி வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முகம் இருளவேண்டும், மாரைப் பிடித்துக்கொண்டு உட்காரவேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் சொன்னேன். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"அவங்களாக் குடுத்துவிட்டாங்களா, நீங்க கேட்டு வாங்குனீங்களா?"

"அவுங்களாத்தான் குடுத்தாங்க."

"நம்ம பக்கத்துல இருந்து யாரும் போய்க் கூப்புடலைல்ல?"

"இல்லை."

"அப்பச் சரி. மொறை தப்பலை" என்றார். "ஆரத்தி எடு."

அந்த அம்மா அசையவில்லை. அவரே தட்டை வாங்கிச் சுற்றினார். புதுப்பெண் வலது காலை எடுத்துவைத்து வரவேண்டுமே, இதற்கு எது வலது கால் என்று கொஞ்சநேரம் குழம்பினார். கடைசியில் பிடி முதலில் உள்ளே வரட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். என் மனைவி அதை வாசற்படியிலேயே வைத்துவிட்டு மாடியேறிப் போய்விட்டாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு அவள் அழுததை நான் கேட்டேன்.

மறுநாள் காலையில் கீழே தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா, தாலிக்கயிற்றை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த வாக்கத்தியால்தான் உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மருமக வீட்டுக்கு வந்தா ஒரு சோலியாவது பாக்கணும்ல" என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

நாங்கள் அடுத்த மாதமே வேறு வீடு பார்த்துக்கொண்டோம். பிறகு மதுரைக்கே வந்துவிட்டோம். சுகன்யாவுக்கு மறுவருடம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். தோளில் ஒரு பையோடு பஸ்சில் வந்து இறங்கினாராம். அவளே என் மனைவிக்குச் சொன்னாள்.

போன வருடம் ஒரு வேலையாகப் போடிக்குப் போனவன், மனசு கேட்காமல் அந்த வீட்டுக்கும் போனேன். ஜமீன் தன் நாற்காலியில் இருந்தார். ரொம்பவும் தளர்ந்திருந்தார். எதிரே ஒரு கல்யாணப் புரோக்கர் நின்றுகொண்டிருந்தார். ஊருக்குப் புதியவராக இருக்கவேண்டும்.

"பொண்ணு வீட்ல எதுவும் எதிர்பாக்கலைங்க. பையன் வயசும் பரவால்லைன்னுட்டாக. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"கல்யாணம் ஆனவனுக்கு எதுக்குய்யா பொண்ணு?" என்றார் ஜமீன். "அவனுக்கு மொறைப்படி முடிஞ்சுபோச்சு. எங்க வம்சத்துல ஒருத்தனுக்கு ஒருத்திதான்."

புரோக்கர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் ஜமீனைப் பார்த்தேன். ஒரு மனிதனை அடிக்கவேண்டும் என்று என் வாழ்நாளில் தோன்றியது அந்த ஒரு தடவைதான். தள்ளாத கிழவர் என்பதால் வெளியே வந்துவிட்டேன்.

சின்னவர் என்னோடு கேட்டுவரை வந்தார். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. அம்மா இறந்துவிட்டதைச் சொன்னார். அவரை அப்படிப் பார்க்கத் தாங்காமல், இத்தனை வருடம் மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நீங்க ஏன் வரலை? அம்மா பையெல்லாம் எடுத்து வெச்சாங்களே. அப்பா பிடிச்சு நிறுத்திட்டாரா?"

"அப்பா பூசைலதாண்ணே இருந்தாரு. பின்கதவும் தெறந்துதான் கெடந்துச்சு." கேட்டில் கைவைத்துக்கொண்டு நின்றார். "அவங்க வீட்ல இருந்து யாராச்சும் வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். யாரும் வந்து கூப்புடலையே."

"சுகன்யாதான் கூப்பிட்டுச்சே. அத்தனை தடவை."

"அவ கூப்புட்டா, போன்ல. தட்டு வெச்சு யாரும் கூப்புடலையேண்ணே. கூப்புடாம எப்படி ஒரு வாசல்ல போயி ஏறுறது?"

குற்றம் சொல்லும் குரலாக இல்லை அது. எனக்கு இது தெரிந்திருக்கவேண்டாமா என்பதுபோலத்தான் சொன்னார். அந்த ஆளுக்காக நானும் என் மனைவியும் எத்தனை வருடம் வருத்தப்பட்டிருக்கிறோம். வர்றேன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நடந்தேன்.

ரயில் ஏறிய பிறகு மனைவிக்குப் போன் செய்து சொன்னேன்.

"நல்லவேளை, அந்தப் புள்ளை தப்பிச்சா" என்றாள்.